ஆடிக் காற்றால் என்ன பிரயோஜனம்?

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆடி மாதம் வந்தால் எங்கள் ஊரில் கண்ணைத் திறந்து நடக்க முடியவில்லை. மழையை எல்லாம் கேரளாவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது இந்தக் காற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காற்றாலை, பாய்மரம், பட்டம் என்று பயன்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள். அது இருக்கட்டும். காற்று வீசுவது அடியோடு நின்றுபோனால் பூமியில் உயிர்களுக்கு உண்மையில் என்ன ஆகும்? மூச்சு முட்டிச் செத்துவிடுவோமா? காற்று வரவரக் குறைகிறது என்று வேறு சொல்கிறார்களே, அது நிஜமா?"

மூச்சு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது சின்ன விஷயம். மூச்சு முட்டாது. நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். வீசினாலும் வீசாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. இலைகூட அசையாத நாளிலும் காற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி அலைந்து கலந்துகொண்டேதான் இருக்கும். நாம் விடும் மூச்சு உடம்புச் சூட்டோடு வெளியே வருவதால் தானாகவே மேலே எழும்பிவிடும். சித்திரை மத்தியானத்தில் புழுக்கம் தாங்காமல் எல்லோரும்தான் தவித்திருக்கிறோம். அதனால் யாருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோனதில்லை. வளிமண்டலத்தில் இருக்கும் கையிருப்பு ஆயிரக்கணக்கான வருடங்களுக்குத் தாங்கும்.

தீர்ந்துபோவது தண்ணீர்.

கடலிலிருந்து ஆவியாகும் தண்ணீரில் பெரும்பகுதி கடலிலேயே மழையாக விழுந்துவிடுகிறது. மிச்சத்தைக் காற்று நிலத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்த மிச்சம் வருடத்துக்கு ஏறத்தாழ 40,000 கன கிலோமீட்டர். இந்த எண்ணை அப்படியே சொன்னால் மனதில் நிற்காது. நம் வைகை அணை நிறைந்தால் பிடிப்பது சுமார் 6 டிஎம்சி. அதுபோல இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அணைகளை நிரப்பக்கூடிய தண்ணீர் அது. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். காற்று மேலே ஏற்றி வருகிறது, ஆறு கீழே இறக்கிக் கொண்டுபோகிறது, கணக்கு நேராகிவிடுகிறது.

இதில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. இந்த நிமிடம் வானத்தில் ஆவியாக இருக்கும் தண்ணீர் முழுவதையும் ஒன்றாகக் கீழே இறக்கினால் பூமி முழுக்கச் சராசரியாக 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் நிற்கும், அதாவது ஒரு அங்குலம். உலகத்தின் சராசரி மழையோ வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டரை ஒட்டி. அப்படியானால் வானத்து ஈரம் வருடத்துக்கு நாற்பது தடவை காலியாகி நாற்பது தடவை நிரம்புகிறது. ஒன்பது நாளுக்கு ஒருமுறை புதுச் சரக்கு. காற்று நின்றால் நிலத்துக்கு அந்தப் புதுச் சரக்கு வராது. இங்கே இருக்கும் ஈரம் மேலே போய் இங்கேயே இறங்கும். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு பங்கு ஆற்றோடு கடலுக்கு ஓடிவிடும், ஓடியது திரும்பாது. கண்மாய், கிணறு, ஆழ்துளைக் கிணறு என்று வரிசையாக வற்றிக்கொண்டே போகும். கடலோரத்தைத் தவிர மற்ற நிலமெல்லாம் பாலைவனம்.

சரி, இப்போது நீங்கள் திட்டும் அந்த மேல்காற்றுக்கு, அதாவது மேற்கிலிருந்து வரும் ஆடிக் காற்றுக்கு வருகிறேன். அது புறப்படும் இடம் தெரிந்தால் கொஞ்சம் மரியாதை வரும்.

தெற்கு இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸ் தீவு இருக்கும் திசையில் அது கிளம்புகிறது. நமக்கு ஆனி, ஆடி என்றால் அங்கே குளிர்காலம், காற்றழுத்தம் கூடியிருக்கும். இங்கே வடமேற்கு இந்தியாவும் பாகிஸ்தானும் வெயிலில் காய்ந்து அழுத்தம் இறங்கிக் கிடக்கும். கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடுகிறது. முதலில் வடமேற்காக ஆப்பிரிக்காவை நோக்கி வரும். கென்யாவின் மேட்டு நிலம் குறுக்கே நிற்பதால் அதை ஒட்டித் திரும்பும். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும், பூமி சுழல்கிற காரணத்தால் வலது பக்கமாக வளையும். சோமாலியா கரையோரமாக விரைந்து, அரபிக்கடலைக் கடந்து, நம் மேற்குக் கரையில் வந்து மோதும். பூமியின் தாழ்நிலைக் காற்றோட்டங்களில் இதைப்போல் பலமானது அபூர்வம். ஃபிண்ட்லேட்டர் என்ற வானிலை ஆய்வாளர் 1969-ல் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. வழி நெடுக வெதுவெதுப்பான கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே வரும் காற்று இது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதியதும் மேலே ஏறியாக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஆவி தண்ணீராகும். பீர்மேடு, இடுக்கி பக்கம் கொட்டித் தீர்ப்பது அதனால்தான். நாம் கவனிக்காத ஒரு விஷயம் அங்கே நடக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க அறுநூறு கலோரிக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் வேண்டும். அரபிக்கடலில் செலவான அந்த வெப்பம் ஆவிக்குள் ஒளிந்து வருகிறது. மலைமேல் ஆவி மழையாக மாறும்போது அந்த வெப்பம் வெளியேறிக் காற்றிலேயே தங்கிவிடுகிறது. அப்புறம் காற்று மலையின் இந்தப் பக்கம் இறங்குகிறது. ஈரம் போன காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் சூடேறும். ஆகவே கேரளாவில் ஏறியதைவிடச் சூடாகவும் வறட்சியாகவும் கம்பம், தேனிப் பக்கம் இறங்கி, மலை இடுக்குகளில் நெருக்கிப் புகுந்து வேகம் கூடி, உசிலம்பட்டி தாண்டி உங்கள் ஊருக்கு வருகிறது. உங்கள் முகத்தில் அடிக்கும் அந்தச் சூட்டில் ஒரு பங்கு அரபிக்கடலில் விழுந்த வெயில்.

ஆக, வெறுங்கை என்று நீங்கள் சொல்வது காற்றைப் பொறுத்தவரை நிஜம்தான். ஆனால் அது மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவைத்த தண்ணீர் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. அதைத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டால் மதுரைச் சீமை பிழைக்கும் என்ற யோசனை ரொம்ப காலமாக இருந்தது. அதைக் கட்டி முடித்தவர் பென்னி குயிக். அணை திறக்கப்பட்டது 1895-ல். தேக்கடியிலிருந்து சுமார் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக்கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, வைகையில் கலக்கிறது. வைகை அணை 1959-ல் வந்தது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் மேலூர் கடைமடை வரைக்கும் போகிறது. மதுரை நகரத்துக் குழாயில் வரும் குடிநீரிலும் பெரியாற்றுத் தண்ணீர் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஜனவரி 15 அன்று பென்னி குயிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. ஆடியில் திருமங்கலத்தில் புழுதி கிளப்பும் அதே காற்றுதான் தேக்கடியில் அணையின் நீர்மட்டத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வெப்பம் ஒரு பாதையிலும் தண்ணீர் இன்னொரு பாதையிலும் வருகிறது, அவ்வளவுதான்.

மதுரைக்கு நேராகவே மழை கொண்டுவரும் காற்று வேறு. புரட்டாசி கடைசியில், ஐப்பசியில் திசை மாறி, வடகிழக்கிலிருந்து வங்கக் கடல் ஈரத்தோடு வருவது. மதுரையின் வருட மழை 850 மில்லிமீட்டர் வாக்கில். அதில் பாதியை ஒட்டி இந்த மூன்று மாதத்தில் கிடைக்கிறது. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் திடீரென்று இருட்டிக்கொண்டு இடியோடு கொட்டுமே, அதுவும் காற்றின் வேலைதான்: கிழக்கேயிருந்து உள்ளே வரும் கடல் ஈரக்காற்றும் மேற்கேயிருந்து வரும் வறண்ட காற்றும் எதிர்ப்படும் இடத்தில் மேகம் விறுவிறுவென்று மேலே எழும்புகிறது.

தண்ணீருக்கு அடுத்தது வெப்பம். இதை ஓரளவு சுருக்கமாகவே சொல்லலாம். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் உச்சியில் காய்கிறது, துருவங்களில் சாய்வாக விழுகிறது. அப்படியே விட்டால் நடுவில் சூடு ஏறிக்கொண்டே போகும், இரண்டு முனையிலும் குளிர் இறுகிக்கொண்டே போகும். காற்றும் கடல் நீரோட்டமும் சேர்ந்து நடுவிலிருந்து முனைகளுக்கு வெப்பத்தை எடுத்துப் போகின்றன. நடுத்தர அட்சரேகைகளில் இதில் பெரிய பங்கு காற்றுக்குத்தான். பெருங்கடலின் மேற்பரப்பு நீரோட்டங்களை ஓட்டுவதும் பெரும்பாலும் காற்றே என்பதால், அதன் பங்கிலும் காற்றின் கை இருக்கிறது. சூடான காற்று நடுவில் எழும்பி, உயரத்தில் இரு பக்கமும் விலகி, தள்ளிப்போய் இறங்கி, தரையோடு திரும்பிவரும் என்ற சுழற்சியை ஜார்ஜ் ஹாட்லி 1735-லேயே எழுதிவிட்டார். அவர் சொன்னதில் பிற்பாடு திருத்தம் வந்தது, ஆனால் அடிப்படை இன்றும் பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அந்தக் காற்று இறங்கும் இடங்களில்தான் சஹாரா, அரேபியா போன்ற பாலைவனங்கள் இருக்கின்றன. காற்று உயிர் கொடுக்கும் என்று மட்டும் பாடிக்கொண்டிருக்க முடியாது. சில இடங்களைக் காயப்போடுவதும் அதுதான்.

கடலுக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். கடலின் மேல்பரப்பில் வெளிச்சம் உண்டு, உரச்சத்து குறைவு. செத்தது எல்லாம் கீழே இறங்கிவிடுவதால் ஆழத்தில் உரச்சத்து ஏராளம், ஆனால் வெளிச்சம் கிடையாது. இரண்டையும் சேர்த்துவைக்க யாராவது வேண்டும். கரையோரமாகப் பலமான காற்று அடிக்கும்போது, பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்தண்ணீர் கரையைவிட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் உரத்தோடு மேலே வருகிறது. நுண்பாசிகள் பெருகுகின்றன, அதைத் தின்ன மத்தி பெருகுகிறது, மத்தியைத் தின்னப் பெரிய மீன் வருகிறது. ஆடிக் காற்று சோமாலியா கரையில் செய்வது இதைத்தான். மழைக்காலத்தில் கேரளக் கரையிலும் இது நடக்கிறது. மதுரை மார்க்கெட்டில் கேரளத்து மத்தி மலிவாகக் கிடைக்கிற வருடம், அந்தப் பக்கம் கடல் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்று தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கரை நல்ல சாட்சி. அங்கே நெத்திலி மீன் உலகத்திலேயே பெரிய மீன்பிடிப்புகளில் ஒன்று. பசிபிக்கின் கிழக்குக் காற்று சில வருடங்களில் வலுவிழக்கிறது. எல் நினோ என்று செய்தியில் வருமே, அதுதான். அப்போது ஆழத்து நீர் மேலே வருவது குறைந்து, மீன் குறைந்து, மீனை நம்பியிருக்கும் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. அதே எல் நினோ வருடங்களில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை தவறுவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. காற்று நிற்கக்கூட இல்லை, கொஞ்சம் தளர்ந்தது. அதற்கே இந்தப் பாடு. உலகத்தில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பாதி கடலின் நுண்பாசிகளால் வருவது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி வயலுக்கு வரலாம். இலையைச் சுற்றி மெல்லிய அசையாத காற்றுப் படலம் ஒன்று எப்போதும் ஒட்டியிருக்கும். நல்ல வெயிலில் இலை வேலை செய்யும்போது அந்தப் படலத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, ஈரம் கூடுகிறது. காற்று வந்து அதைக் கலைத்தால்தான் இலைக்குப் புதுக் காற்று. காற்றில்லாத மூலையில் போட்ட ஈரவேட்டி காயாமல் கிடப்பது மாதிரி, கலைக்க ஆளில்லாவிட்டால் இலையின் வேலை மந்தமாகிவிடும். நெருக்கமான மக்காச்சோளக் கொல்லையில் காற்றில்லாத உச்சிவெயில் நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியில் இருப்பதைவிடக் குறைந்துபோகும்.

மகரந்தத்துக்கும் காற்று வேண்டும். பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்குத் தெரியும், உச்சியில் ஆண் பூ, நடுத்தண்டில் கதிர். கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு மணிக்கு உரியது. அந்த நூலில் மகரந்தம் வந்து விழவில்லை என்றால் அந்த இடம் பொக்கு. கொண்டுவந்து போடுவது காற்றுதான். தேனீயை அது நம்புவதில்லை. கம்பு இன்னும் விவரமான பயிர். ஒரே கதிரில் முதலில் சூல்முடி வெளியே வரும், சில நாள் கழித்துத்தான் மகரந்தப் பைகள் வரும். அதனால் தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ள முடியாது. பக்கத்துக் கதிரிலிருந்து காற்று கொண்டுவர வேண்டும். நம் சாப்பாட்டுத் தட்டின் தானியங்கள் எல்லாம் புல் குடும்பம். புல் குடும்பம் காற்றை நம்பிப் பூத்த குடும்பம். (நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தன்னில் தானே சூல்கொண்டு விடும், ஆனால் அவற்றின் காட்டு உறவுகளுக்குக் காற்று வேண்டும்.) மதுரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மல்லிகைக்கு இந்தக் கவலையே இல்லை. விதைக்காக யாரும் மல்லிகை வளர்ப்பதில்லை. குச்சியை நட்டு வளர்த்துக்கொண்டே போகிறோம். காற்று அதன் வாசனையை மட்டும் எடுத்துப் போகிறது.

விதை பரப்புவதைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை, எருக்கம் பஞ்சைத் துரத்தாத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? போடிப் பக்கத்து இலவம் பஞ்சும் மரத்துக்கு அதே காரியத்துக்காகத்தான், நாம் தலையணையாக்கிக்கொண்டோம். ஆற்றங்கரை மருதமரத்துக் காய்க்கு ஐந்து இறக்கை இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

மரம் பலப்படுவதற்கே காற்று வேண்டும் என்பது மட்டும் பலருக்குப் புதிதாக இருக்கலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்று ஒரு பெரிய கண்ணாடிக் கூடத்தை முழுக்க மூடி உள்ளே காடு வளர்த்தார்கள். 1991-ல் ஆட்களையும் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். தண்ணீர், மண், வெளிச்சம் எல்லாம் இருந்தும் மரங்கள் நெடுநெடுவென்று வளர்ந்து பலமில்லாமல் சாய்ந்தன. காற்று அசைக்க அசைக்கத்தான் தண்டு தடிக்கும், வேர் இறுகும். ஆனால் எல்லாப் பயிரும் அப்படி இல்லை. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய்ப் பாருங்கள். அகத்தியை நெருக்கமாக நட்டு, அதில் கொடியைப் படரவிட்டு, ஓரத்தை அடைத்து, வெளிக்காற்று உள்ளே வராமல் காப்பாற்றுகிறார்கள். வறண்ட மேல்காற்று பட்டால் அந்த இளசான இலை போயே போச்சு. கம்பம் பக்கத்து வாழைக்காரர்களிடம் காற்றின் அருமையைப் பேசப் போனால் என்ன சொல்வார்கள் என்று எழுத முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி உள்நாட்டுக்குள் வந்தபோது டெல்டாத் தென்னைகள் சாய்ந்ததை எல்லோரும்தான் பார்த்தோம்.

காற்று ஏற்றிச் செல்லும் உயிர்களில் எனக்குப் பிடித்தது தட்டான். ஐப்பசி மழைக்குப் பிறகு வயல்வெளியிலும் விளையாட்டு மைதானத்திலும் கூட்டம் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் நிறத் தட்டானில் ஒரு இனம் இருக்கிறது. மழை தேங்கிய குட்டைகளில் முட்டையிட்டு மளமளவென்று வளர்வது. மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், வருடா வருடம் அக்டோபர் வாக்கில் அந்தத் தீவுகளில் இவை ஏராளமாக வந்து இறங்குவதைக் கவனித்தார். அங்கே முட்டையிட நல்ல தண்ணீர்க் குட்டையே கிட்டத்தட்ட இல்லை. அப்படியானால் எங்கோ போகிற வழியில் தங்குகின்றன என்று தோன்றியது. 2009-ல் அவர் வெளியிட்ட முடிவு: இவை இந்தியாவிலிருந்து கிளம்பி, உயரத்தில் வீசும் வடகிழக்குக் காற்றில் ஏறி, மாலத்தீவு, செஷல்ஸ் வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன, அங்கே மழைக்காலத்தில் இனம் பெருக்கி, அடுத்த தலைமுறைகள் தென்மேற்குக் காற்றில் திரும்பி வருகின்றன. போய்வரும் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர், நான்கு தலைமுறை சேர்ந்து முடிக்கும் பயணம். நீங்கள் புழுதி என்று திட்டும் ஆடிக் காற்றில் ஆப்பிரிக்காவில் பிறந்த தட்டானும் வருகிறது. கொசுப்புழுவைத் தின்பவை தட்டானின் குஞ்சுகள், அதனால் இதில் நமக்கும் லாபம் உண்டு.

நல்லது மட்டுமே ஏற்றிப் போகும் வண்டி அல்ல காற்று. நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு, கொடைக்கானல் இருக்கும் பழனி மலை. வட இந்திய, மத்திய இந்தியச் சமவெளிகளில் கோதுமையைத் தாக்கும் தண்டுத் துருநோய் என்ற பூஞ்சை நோயின் வித்துகள் அங்கே கோடை வெயிலில் பிழைப்பதில்லை. ஆனாலும் அடுத்த வருடம் நோய் வந்துவிடுகிறது. எங்கிருந்து? கே.சி.மேத்தா என்ற தாவர நோய் அறிஞர் பல ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்தது, குளிர்ந்த மலைகளில் வருடம் முழுவதும் அது உயிரோடு இருக்கிறது என்பது. பிற்பாடு வந்த ஆய்வுகளில் தண்டுத் துருவுக்கு நீலகிரியும் பழனி மலையும் தான் முக்கிய மூலம் என்று தெளிவானது. கார்த்திகை வாக்கில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும்போது அதன் காற்று இந்த மலைகளின் வித்துகளை அள்ளிக்கொண்டு வடக்கே போய் மழையோடு கோதுமை வயல்களில் இறக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசு, ஆனால் மத்தியப் பிரதேசத்து விவசாயிக்குக் கொடைக்கானல் மலையிலிருந்து போகும் சரக்கு. இந்த வழியைத் தெரிந்துகொண்ட பிறகுதான், எந்தப் பகுதிக்கு எந்த எதிர்ப்புச் சக்தி உள்ள கோதுமை ரகம் கொடுப்பது என்று திட்டமிட முடிந்தது.

புழுதியும் அப்படித்தான், விழும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பழைய ஏரி ஒன்று காய்ந்த பள்ளம் இருக்கிறது. அதுவும் சஹாராவின் மற்ற பகுதிகளும் கிளப்பும் தூசியில் வருடத்துக்கு ஏறத்தாழ 2.77 கோடி டன் அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் படுகையில் விழுவதாக நாசாவின் செயற்கைக்கோள் அளவை வைத்து 2015-ல் கணக்கிட்டார்கள். அதில் பாஸ்பரஸ் மட்டும் 22,000 டன். அமேசான் மண்ணிலிருந்து மழையும் வெள்ளமும் அரித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். உலகத்தின் பெரிய மழைக்காடு பாலைவனத்துத் தூசியில் உரம் வாங்குகிறது. நம் பக்கம் தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரிக்காடுகளின் செம்மணல் மேடுகளும் காற்று குவித்தவை; அங்கே பனையும் முந்திரியும் நிற்கின்றன.

நீங்கள் ஒதுக்கிவைத்த பட்டியலில் காற்றாலையை மட்டும் அவ்வளவு இளக்காரமாக விட வேண்டாம். தமிழ்நாட்டில் இப்போது 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று மலைத்தொடர் இடைவெளி விடும் திசைகளில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் வைகாசி முதல் புரட்டாசி வரை அந்த ஆலைகளுக்கு அறுவடைக் காலம். மழை தராத பக்கத்துக்கு அந்தக் காற்று மின்சாரம் தருகிறது.

காற்று வரவரக் குறைகிறதா என்ற கேள்விக்கு: நிலத்தின் மேல் தரைமட்டக் காற்றின் சராசரி வேகம் 1970-களிலிருந்து உலகின் பல பகுதிகளில் குறைந்து வந்தது உண்மை, அளந்து பார்த்தது. 2010 வாக்கில் அது திரும்பி மறுபடி ஏற ஆரம்பித்ததையும் 2019-ல் வந்த ஆய்வு காட்டியது. கடல் வெப்பநிலையில் பல வருடங்களாக நடக்கும் ஏற்ற இறக்கம் இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கட்டடங்களும் மரங்களும் கூடித் தரை கரடுமுரடானதை இன்னொரு காரணமாகச் சொல்வதுண்டு. மாசி வீதிகளில் நடந்தால் காற்றே இல்லை என்று தோன்றும், மொட்டை மாடி ஏறினால் வேட்டி பறக்கும். உங்கள் ஊரிலும் புதுக் கட்டடங்கள் எழும்பின தெருவில் குறைந்திருக்கலாம். அடியோடு நிற்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. சூரியன் ஒரு இடத்தில் அதிகமாகவும் ஒரு இடத்தில் குறைவாகவும் காயும் வரைக்கும் காற்று வீசியே தீரும்.

கடைசியாக, அந்தப் புழுதி. அதற்குக் காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. திருமங்கலத்துக் கரிசலில் மானாவாரி விதைப்பு பெரும்பாலும் புரட்டாசிக்கு மேல்தான். ஆடியில் நிலம் மொட்டையாகக் கிடக்கிறது. அதுவும் ரோட்டவேட்டர் ஓட்டி மாவாக்கிப் போட்ட நிலம் என்றால் கேட்கவே வேண்டாம். கோடை உழவைக் கலப்பையால் கட்டி கட்டியாகப் புரட்டி விட்டால் புழுதி கிளம்புவது நன்றாகக் குறையும், மழை வந்ததும் கட்டி தானாகக் கரையும். முந்தின பயிரின் தட்டையைக் கொளுத்தாமல் விட்டாலும் மண் பிடித்து நிற்கும். மேற்கு வரப்பில் ஒரு வரிசை மரம் வைத்தால் மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகம் தணியும். நெருக்கமான மதில் மாதிரி வைக்காதீர்கள், மதிலைத் தாண்டும் காற்று பின்னால் சுழன்றடித்து இன்னும் கெடுக்கும். பாதிக் காற்றை உள்ளே விடும்படி பனையும் இடையில் ஏதாவது புதர்ச்செடியுமாக இருந்தால் போதும்.